ஒரு வெற்றி, பத்துத் தோல்வி: கல்லூரிக் கால்பந்து அணியின் பண்பாடு எப்போது உருவாகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம் இது) ஒவ்வொரு பயிற்சியாளரும் பதவியேற்கும் நாளில் "டீம் கல்ச்சரை மாற்றப் போகிறேன்" என்கிறார். அணிப் பண்பாடு என்பது உண்மையில் ஒருவரால் கட்டியெழுப்பக் கூடியதா, அல்லது வெற்றி வந்த பிறகு அதற்குச் சூட்டப்படும் பெயர்தானா? திறமையான வீரர்களைச் சேர்த்துவிட்டால் பண்பாடு தானாக வந்துவிடாதா?

இந்தச் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. வென்ற அணிகளை மட்டும் பார்த்துப் பண்பாட்டைப் பற்றி எழுதினால் எதையும் நிறுவ முடியாது. வென்றவர்கள் எல்லோரும் ஒற்றுமையாக இருந்ததாகவும் தோற்றவர்கள் எல்லோரும் சிதறிக் கிடந்ததாகவும் பின்னால் கதை கட்டுவது எளிது. ஆகவே வெற்றி வருவதற்கு முன்பே, தோற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே, பண்பாடு உருவானதற்குச் சான்று உள்ள ஓர் அணியைப் பார்ப்பதுதான் முறை. அப்படி ஓர் அணி கன்சாஸ் மாநிலத்தின் மன்ஹாட்டன் என்ற சிறு நகரத்தில் இருக்கும் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழக அணி. அதன் பயிற்சியாளர் பில் ஸ்னைடர். என் பதில் பெரும்பாலும் அவரைச் சுற்றியே அமையும்.

அதற்கு முன் இந்த ஆட்டத்தின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பண்பாடு என்ற பேச்சு கல்லூரி ஆட்டத்தில் இவ்வளவு ஓங்கி ஒலிப்பதற்கு அந்த அமைப்பே காரணம். களத்தில் ஒரு நேரத்தில் பதினொருவர்தான் ஆடுகிறார்கள் என்றாலும் அணியில் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். தாக்குதலுக்கு ஒரு குழு, தடுப்புக்கு ஒரு குழு, உதைத்தல் போன்றவற்றுக்குத் தனிக் குழு. பெரும்பாலோர் பதினெட்டு முதல் இருபத்துமூன்று வயதுக்குட்பட்ட மாணவர்கள். நெடுங்காலமாக இருந்துவந்த விதிப்படி ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள்தான் ஆடலாம். அதாவது ஒவ்வோர் ஆண்டும் அணியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வெளியேறுவார்கள், அதே அளவுக்குப் புதியவர்கள் உள்ளே வருவார்கள். தொழில்முறை அணி ஒரு நல்ல ஆட்டக்காரரைப் பத்தாண்டுகள் வைத்துக்கொள்ளலாம். கல்லூரிக்கு அந்த வசதி கிடையாது. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும்போது எஞ்சி நிற்பது பழக்கம் ஒன்றுதான். மூத்த மாணவரிடமிருந்து இளைய மாணவருக்குக் கைமாறும் அந்தப் பழக்கத்தொகுதியைத்தான் நான் இங்கே பண்பாடு என்று குறிப்பிடுகிறேன்.

கன்சாஸ் ஸ்டேட்டில் அப்படிக் கைமாறிக்கொண்டிருந்தது தோல்விதான். 1955 முதல் 1988 வரையிலான முப்பத்துநான்கு பருவங்களில் அந்த அணி தோல்விகளைவிட அதிக வெற்றி பெற்றவை இரண்டே: 1970ம் 1982ம். முதல் நிலைக் கல்லூரி அணிகளில் ஐந்நூறு தோல்விகளை முதலில் எட்டிய அணி அது. 1986 அக்டோபரில் அதே மாநிலத்தின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தை வென்ற பிறகு 1988 பருவம் முடியும்வரை இருபத்தேழு ஆட்டங்களில் ஒன்றில்கூட வெற்றி இல்லை. அவற்றில் ஒன்று மட்டும் சமன். அணியைக் கலைத்துவிடலாமா, பெரிய பல்கலைக்கழகங்கள் அடங்கிய பிக் எய்ட் கூட்டமைப்பை விட்டு விலகிவிடலாமா என்ற பேச்சுகூட அப்போது எழுந்தது.

1982ல் கிடைத்த அந்த ஒரு நல்ல பருவத்தைக் கவனிக்க வேண்டும். அப்போதைய பயிற்சியாளர் ஜிம் டிக்கி, 1981ல் தம் மூத்த வீரர்கள் பலரை வேண்டுமென்றே ஆட்டத்திலிருந்து ஒதுக்கி, அவர்களுடைய ஆடும் தகுதியை ஓர் ஆண்டு சேமித்து வைத்தார். இதை ரெட்ஷர்ட் செய்வது என்பார்கள். அடுத்த ஆண்டு முதிர்ந்த வீரர்கள் நிறைந்த அணியோடு களமிறங்கி, அந்தப் பல்கலைக்கழக வரலாற்றிலேயே முதன்முறையாக பவுல் ஆட்டம் எனப்படும் பருவ இறுதி அழைப்புப் போட்டிக்குச் சென்றார். அது புத்திசாலித்தனமான ஏற்பாடு, விதிகளுக்கு உட்பட்டதும்கூட. ஆனால் அந்த வீரர்கள் பட்டம் பெற்று வெளியேறியதும் அணி பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. நல்ல ஆட்களை ஓரிடத்தில் குவித்தால் போதும் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒரு பருவம் கிடைத்தது. அடுத்து வந்தவர்களுக்கு விட்டுச்செல்ல எதுவும் இருக்கவில்லை.

1988 நவம்பர் இறுதியில் ஸ்னைடர் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. அதற்கு முன் எந்தப் பல்கலைக்கழகத்திலும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. அயோவா பல்கலைக்கழகத்தில் ஹேடன் ஃப்ரையின் கீழ்த் தாக்குதல் பிரிவை நடத்திக்கொண்டிருந்தவர். அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்டீவ் மில்லரும் பல்கலைக்கழகத் தலைவர் ஜான் வெஃபால்டும். இவர்களுடைய பங்கைக் கதை சொல்பவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு வசதிகளைக் கட்டித்தர நிர்வாகம் முன்வந்ததும், அதைவிட மேலாக, தோல்விகள் தொடர்ந்தபோதும் பொறுத்திருந்ததும் இல்லையென்றால் இங்கே பேசுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

பொறுக்க வேண்டிய தேவை உடனே வந்தது. 1989 பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களையும் அணி இழந்தது. வெற்றியில்லாத தொடர் முப்பது ஆட்டங்களாக நீண்டது. செப்டம்பர் 30 அன்று வட டெக்சாஸ் அணிக்கு எதிராகக் கடைசி விநாடிகளில் கார்ல் ஸ்ட்ரா எறிந்த பந்தை ஃபிராங்க் ஹெர்னாண்டஸ் எல்லைக்குள் பிடித்ததால் 20க்கு 17 என்று வெற்றி கிடைத்தது. அது ஒரு படி கீழ்நிலையில் ஆடிக்கொண்டிருந்த அணி; ஆனாலும் ஊரே கொண்டாடியது. அந்த ஆண்டு அதற்குப் பிறகு ஒரு வெற்றிகூட இல்லை. பருவத்தின் கணக்கு: ஒரு வெற்றி, பத்துத் தோல்வி.

இந்த எண்ணைச் சற்று நின்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அயோவாவில் ஃப்ரையிடம் துணைப் பயிற்சியாளர்களாக இருந்த வேறு இருவர் பின்னாளில் பெயர் பெற்றார்கள். பாரி ஆல்வரெஸ் 1990ல் விஸ்கான்சினுக்குத் தலைமையேற்றார். அவருடைய முதல் பருவம் ஒரு வெற்றி, பத்துத் தோல்வி. கிர்க் ஃபெரன்ட்ஸ் 1999ல் ஃப்ரைக்கு அடுத்து அயோவாவுக்கே தலைமையேற்றார். அவருடைய முதல் பருவமும் ஒரு வெற்றி, பத்துத் தோல்வி. ஆல்வரெஸ் தம் நான்காம் பருவத்தில் பத்து வெற்றிகளோடு ரோஸ் பவுலை வென்றார். ஃபெரன்ட்ஸும் நான்காம் பருவத்தில், 2002ல், பதினோரு வெற்றிகள் பெற்றார். ஸ்னைடருக்கு ஒன்பது வெற்றிகள் வந்தது ஐந்தாம் பருவத்தில். ஒரே ஆசிரியரிடம் பயின்ற மூவர், ஒரே மாதிரியான தொடக்கம். இது தற்செயல் என்றாலும், அந்த மூவரும் ஒரு விஷயத்தை ஒன்றுபோல் செய்தார்கள் என்பது தற்செயல் அல்ல: பத்துத் தோல்விகளைக் கண்டு தங்கள் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. அதேபோல் முதல் ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்து அவர்களை யாரும் வெளியேற்றவில்லை.

அந்தத் தோல்விக் காலத்தில் ஸ்னைடர் என்னதான் செய்தார்? வெற்றிக்கான பதினாறு இலக்குகள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்: ஈடுபாடு, தன்னலமின்மை, ஒற்றுமை, ஒவ்வொரு நாளும் முன்னேறுதல், மன உறுதி, சுயகட்டுப்பாடு, முழு முயற்சி, உற்சாகம், பிழைகளைக் களைதல், பொறுப்பு என்று அது நீளும். பட்டியலைப் படித்தால் எந்தப் பள்ளிச் சுவரிலும் காணக்கூடிய சொற்களாகத்தான் தோன்றும், புதிதாக ஒன்றும் இராது. அதன் பலம் சொற்களில் இல்லை. "ஒவ்வொரு நாளும் முன்னேறுதல்" என்ற நான்காவது இலக்கை அவர் அளவுகோலாக்கிய விதத்தில் இருக்கிறது. இன்று நீ நேற்றைவிட எந்தச் சிறு விஷயத்தில் மேம்பட்டாய் என்பதுதான் வீரரிடம் அவர் வைத்த கேள்வி. தோற்றுப் பழகிய அணியிடம் "நாம் வெல்லப் போகிறோம்" என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்புவதற்கு அவர்களிடம் காரணமும் இல்லை. ஆனால் தடுக்கும்போது காலை வைக்கும் இடம் நேற்றைவிட இன்று சரியாக இருக்கிறதா என்பதைச் சனிக்கிழமை ஆட்டத்தின் முடிவு பாதிக்காது. அதை அன்றைக்கே பார்த்துவிடலாம். பார்க்க முடிந்ததை நம்பலாம். தோற்றுக்கொண்டிருக்கும் அணியில் நம்பிக்கை வளர இதைத் தவிர வேறு வழி இருப்பதாக நான் நினைக்கவில்லை.

கூடவே வெளித்தோற்றத்தையும் மாற்றினார். சீருடை மாறியது, 1989ல் 'பவர்கேட்' எனப்படும் புதிய காட்டுப்பூனைச் சின்னம் தலைக்கவசத்தில் ஏறியது. இதையெல்லாம் விளம்பரம் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் பழைய உடையில் இருபத்தேழு ஆட்டங்களாக வெற்றி காணாத மாணவனுக்கு, கண்ணாடியில் தன்னை வேறாகப் பார்ப்பதில் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்யும்.

என்னைப் பொறுத்தவரை ஓர் அணியின் பண்பாட்டைச் சனிக்கிழமை அரங்கில் பார்ப்பதைவிடச் செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில், 'ஸ்கவுட் டீம்' எனப்படும் குழுவிடம் பார்ப்பதே மேல். அடுத்த வாரம் எதிர்கொள்ளப்போகும் அணி எப்படி ஆடுமோ அப்படியே ஆடிக்காட்டி முதன்மை வீரர்களுக்குப் பயிற்சி தருவதுதான் இந்தக் குழுவின் வேலை. இதில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதலாண்டு மாணவர்களும், ஸ்காலர்ஷிப் இல்லாமல் தாமாக வந்து சேர்ந்த 'வாக்-ஆன்' வீரர்களும். வாரம் முழுக்க அடி வாங்குவார்கள். சனிக்கிழமை களத்தில் இறங்க மாட்டார்கள். தொலைக்காட்சியில் அவர்கள் முகம் வராது. அவர்கள் அரைமனதோடு ஆடினால் முதன்மை அணி பொய்யான எதிரியோடு பழகிவிட்டுச் சனிக்கிழமை உண்மையான எதிரியிடம் திகைத்து நிற்கும். ஆகவே பலன் எதுவும் கண்ணில் தெரியாதவர்கள் முழு வேகத்தில் ஓடுகிறார்களா என்பதே கேள்வி. அவர்களை ஓட வைப்பது, இங்கே உழைத்தால் இடம் கிடைக்கும் என்று கண்ணால் பார்த்த சான்று.

கன்சாஸ் ஸ்டேட்டில் அந்தச் சான்று திரும்பத் திரும்பக் கிடைத்தது. மாநிலத்தின் மக்கள்தொகையே அப்போது சுமார் 25 லட்சம்தான். பெரிய மாநிலங்களின் நட்சத்திர வீரர்கள் அங்கே வர மாட்டார்கள். ஸ்னைடர் உள்ளூர்ப் பையன்களை வாக்-ஆன்களாகச் சேர்த்தார். பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள ரைலி என்ற ஊரின் பண்ணைக் குடும்பத்திலிருந்து தடுப்பாட்டக்காரராக வந்த ஜோர்டி நெல்சனை 2005ல் பந்து பிடிக்கும் இடத்துக்கு மாற்றினார். நெல்சன் 2007ல் ஒரே பருவத்தில் 122 முறை பந்தைப் பிடித்து 1,606 கெஜம் சேர்த்து, பிறகு கிரீன் பே பேக்கர்ஸ் என்ற தொழில்முறை அணியில், அந்த நிலையின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றார். ஆண்டேல் என்ற சிற்றூரிலிருந்து வாக்-ஆனாக வந்த பி. ஜே. ஃபின்னி, ஒவ்வொரு தாக்குதல் முயற்சியிலும் முதலில் பந்தைத் தொடும் 'சென்டர்' இடத்தில் நான்கு பருவங்கள் ஆடி, அணித்தலைவர்களில் ஒருவரானார். ஸ்கவுட் டீமில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் மாணவன் தனக்கு முன்னால் ஒரு ஃபின்னியைப் பார்க்கிறான். அந்தப் பார்வை செய்கிற வேலையை எந்தச் சொற்பொழிவாலும் செய்ய முடியாது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்தால் பதில் நேர்மையாகாது. ஸ்னைடர் இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகளிலிருந்து தயாராக வரும் வீரர்களையும் ஏராளமாகச் சேர்த்தார். 1998ல் ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதுப் போட்டியில் இரண்டாமிடம் வந்த மைக்கேல் பிஷப், தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக், அப்படி டெக்சாஸின் பிளின் கல்லூரியிலிருந்து வந்தவர்தான். கூட்டமைப்புக்கு வெளியே எளிய எதிரிகளாகப் பார்த்து ஆட்டங்களை ஒப்பந்தம் செய்கிறார் என்ற விமர்சனமும் அவர்மீது பல ஆண்டுகள் இருந்தது. முதல் விஷயத்தில் திறமைக்குத் திறமைதான் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பண்பாடு திறமைக்கு மாற்று அல்ல, திறமை வீணாகாமல் காப்பது மட்டுமே அதன் வேலை. இரண்டாவது விஷயத்தில் எனக்கு அவர் பக்கமே நியாயம் தெரிகிறது. வெல்வதும் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று. கடைசி ஐந்து நிமிடங்களில் முன்னிலையைக் காப்பது எப்படி என்று ஒருபோதும் முன்னிலையில் இருந்திராதவர்களுக்குத் தெரியாது.

முன்னேற்றம் நேர்கோட்டில் வரவில்லை. 1990ல் ஐந்து வெற்றிகள், 1991ல் ஏழு, 1992ல் மறுபடியும் ஐந்தாகச் சரிவு. இப்போதைய காலமாக இருந்தால் நான்காம் ஆண்டின் அந்தச் சரிவிலேயே அவரை மாற்ற வேண்டும் என்ற குரல் எழுந்திருக்கும். 1993ல் ஒன்பது வெற்றிகளும் காப்பர் பவுலில் வயோமிங் அணிக்கு எதிராக 52க்கு 17 என்ற வெற்றியும் வந்தன. அன்று தொடங்கி 2003 வரை பதினோர் ஆண்டுகள் இடைவிடாமல் அணி பவுல் ஆட்டத்துக்குப் போனது. 1997 முதல் 2003 வரையிலான ஏழு பருவங்களில் ஆறில் பதினோரு வெற்றிகள்.

1998 டிசம்பர் தோல்வியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதினோரு ஆட்டங்களிலும் வென்று, பயிற்சியாளர்கள் வாக்களித்துத் தீர்மானிக்கும் தேசியத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அணி, பிக் எய்ட்டின் வழிவந்த பிக் 12 கூட்டமைப்பின் இறுதிப் போட்டியில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணிக்கு எதிராகக் கடைசிக் கால்பகுதியில் 27க்கு 12 என்று முன்னணியில் இருந்துவிட்டு, இரண்டாவது கூடுதல் நேரத்தில் 36க்கு 33 என்று தோற்றது. தேசியப் பட்டத்துக்கான வாய்ப்பு கைநழுவியது. பெரிய பவுல்கள் எதுவும் அழைக்கவில்லை. கிடைத்த அலமோ பவுலிலும் தோல்வி. இப்படி உடைந்த அணிகள் அடுத்த ஆண்டு சரிந்துபோவது சாதாரணம். கன்சாஸ் ஸ்டேட் அடுத்த ஆண்டும் பதினோரு ஆட்டங்களில் வென்றது. பிஷப் போய்விட்டார், மூத்தவர்கள் பலர் போய்விட்டார்கள். பழக்கம் மட்டும் போகவில்லை. 1982க்குப் பிறகு நடந்ததை இதோடு வைத்துப் பார்த்தால், கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு விடை கிடைத்துவிடும்.

பழக்கம் பயிற்சியாளர்கள் வழியாகவும் பரவியது. ஸ்னைடரிடம் தடுப்புப் பிரிவை நடத்திய பாப் ஸ்டூப்ஸ் பின்னர் ஓக்லஹோமாவுக்குத் தலைமையேற்று 2000 பருவத்தில் தேசியப் பட்டம் வென்றார். ஜிம் லீவிட் தெற்கு ஃபுளோரிடா அணியை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்கினார். மார்க் மான்ஜினோ, பல தலைமுறைகளாகத் தடுமாறிய கன்சாஸ் பல்கலைக்கழக அணிக்கு 2007ல் பன்னிரண்டு வெற்றிகள் தேடித் தந்தார். 2003 டிசம்பரில் தோல்வியே காணாமல் முதலிடத்தில் இருந்த ஸ்டூப்ஸின் ஓக்லஹோமாவை ஸ்னைடரின் அணி 35க்கு 7 என்று வீழ்த்தி பிக் 12 பட்டம் பெற்றபோது, களத்தின் இரு பக்கமும் நின்றவர்கள் ஒரே வீட்டில் பயின்றவர்கள்.

ஆனால் எந்தப் பண்பாடும் தானாக ஓடிக்கொண்டிருக்காது. 2004ல் நான்கு வெற்றி, 2005ல் ஐந்து. ஸ்னைடர் ஓய்வு பெற்றார். அரங்கத்துக்கு அவர் பெயரைச் சூட்ட விரும்பியபோது குடும்பம் என்ற சொல்லும் அதில் இருக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டதால், அது இன்றும் 'பில் ஸ்னைடர் ஃபேமிலி' அரங்கம் என்றே அழைக்கப்படுகிறது. அடுத்து வந்தவரின் மூன்று பருவங்களில் வெற்றிகளைவிடத் தோல்விகளே அதிகம். 2009ல், அறுபத்தொன்பது வயதில், ஸ்னைடர் திரும்பி வந்தார். நான்காம் பருவத்தில், 2012ல், மீண்டும் பிக் 12 பட்டம். 2018ல் அவர் விடைபெற்றபோது இருபத்தேழு பருவங்களில் 215 வெற்றிகள், 117 தோல்விகள், ஒரு சமன். அவருடைய முதல் காலத்தில் ஆடிய கெவின் லாக்கெட்டின் மகன் டைலர், அவருடைய இரண்டாம் காலத்தில் அதே அணியில் ஆடித் தந்தையின் சாதனைகளைத் தாண்டினார்.

மேற்சொன்னவற்றோடு ஒரு சிறு வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு எதிரணி வீரர்களுக்கு, குறிப்பாகக் காயம்பட்டவர்களுக்கு, ஊதா மையில் தம் கையாலேயே கடிதம் எழுதி அனுப்புவது ஸ்னைடரின் வழக்கம். எதிரணி மாணவனையும் ஒரு மனிதனாகப் பார்க்கும் பயிற்சியாளரைத் தினமும் பார்த்து வளரும் வீரர்கள், மரியாதை என்ற சொல்லைச் சுவரிலிருந்து கற்க வேண்டியதில்லை.

அதே மனிதர் தவறிய இடமும் உண்டு. 2017ல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பிய ஓர் இளம் வீரர், தாம் செல்ல விரும்பும் முப்பத்தைந்து இடங்களைக் குறிப்பிட்டுக் கேட்டபோது, அவற்றில் ஒன்றுக்குக்கூட ஸ்காலர்ஷிப்போடு செல்ல அனுமதி மறுக்கப்பட்டது. ஸ்னைடர் அந்த மாணவரின் போதைப்பொருள் பரிசோதனை முடிவுகளைப் பற்றியும் பொதுவெளியில் பேசிவிட்டார். கண்டனம் எழுந்த பிறகு மன்னிப்புக் கேட்டார், அனுமதியும் வழங்கப்பட்டது. ஈடுபாடு என்பதை முதல் இலக்காக வைத்த ஒருவர், அது உள்ளிருந்து வர வேண்டியது என்பதை அந்த வேளையில் மறந்துபோனார். போக விரும்புகிறவனைப் பிடித்து நிறுத்துவதால் ஈடுபாடு வளராது. வலுவான பண்பாடுகள் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஒழுங்குக்கும் ஆதிக்கத்துக்கும் இடையிலுள்ள கோடு, தலைமையில் இருப்பவரின் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை.

அந்தக் கோட்டை மீறினால் என்ன ஆகும் என்பதை மேரிலேண்ட் பல்கலைக்கழகம் காட்டியது. 2018 மே 29 அன்று அங்கே நடந்த ஓட்டப் பயிற்சியில் பத்தொன்பது வயது மாணவர் ஒருவர் வெப்பத் தாக்கத்தால் சரிந்தார். உடலை உடனே குளிர்நீரில் அமிழ்த்தும் சிகிச்சை அவருக்கு அளிக்கப்படவில்லை. இரண்டு வாரம் கழித்து, ஜூன் 13 அன்று இறந்துபோனார். சட்டப்படியும் தார்மீகமாகவும் பொறுப்பேற்பதாகப் பல்கலைக்கழகத் தலைவர் பின்னர் அறிவித்தார். ஆராய்ந்த குழு தன் அறிக்கையில் சொன்னதன் சாரம், வாய் திறந்து பேச வீரர்கள் அஞ்சியதால் குறைகள் உள்ளேயே புரையோடிப்போயின என்பது. தலைமைப் பயிற்சியாளர் அக்டோபர் 30ல் மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டு, எழுந்த எதிர்ப்பால் மறுநாளே நீக்கப்பட்டார்.

கடுமை, மன உறுதி, விட்டுக்கொடுக்காமை ஆகிய சொற்களைப் பண்பாட்டின் பெயரால் உச்சரிக்கும் ஒவ்வொருவரும் இந்த நிகழ்ச்சியை மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். "என்னால் முடியவில்லை" என்று ஒரு மாணவன் சொன்னால் அவன் இடம் பறிபோகாது என்ற உறுதி அணியில் இருக்க வேண்டும். பயிற்சியாளரிடம் நேராகச் சொல்லத் தயங்குபவன் மூத்த மாணவரிடம் சொல்வான்; அந்த மூத்தவர் அதை மேலே கொண்டுபோவார். அணித்தலைவர் என்ற பதவியின் முதல் பயன் இதுதான். நாணயம் சுண்டும்போது நடுவில் நிற்பதெல்லாம் இரண்டாம்பட்சம். 1991 முதல் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி நடத்தக் கூடாது என்று விதி இருப்பதால், மீதி நேரத்தில் அணி எப்படி நடந்துகொள்கிறது என்பது எப்படியும் மாணவர்கள் கையில்தான் இருக்கிறது. அங்கே பயிற்சியாளரின் குரல் எட்டாது. அவர் வளர்த்த தலைவர்களின் குரல் எட்டும்.

இன்றைய நிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஸ்னைடரின் காலம் முடிந்துவிட்டது என்று சிலர் வாதிடுவார்கள். 2018 அக்டோபரில், மாற விரும்பும் வீரர்களின் பெயரைப் பதிவுசெய்யும் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வந்தபின் வீரர் வேறு கல்லூரிக்கு மாறப் பயிற்சியாளரின் அனுமதி தேவையில்லை. 2021 முதல், மாறியவர் ஓராண்டு காத்திருக்காமல் உடனே ஆடலாம். அதே ஆண்டு ஜூலையிலிருந்து தங்கள் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்திப் பணம் ஈட்டவும் வீரர்களுக்கு உரிமை கிடைத்தது. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாக வருவாயில் பங்கு தரலாம். வீரர்களுக்கு இந்த உரிமைகள் நெடுநாள் முன்பே கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் நான்கு ஆண்டுகள் ஒரே இடத்தில் வளர்ந்து மூத்தவராகும் மாணவர்கள் குறைகிறார்கள். கைமாற்றிக் கொடுக்க ஆள் இல்லாமல் பழக்கம் எப்படி நிலைக்கும் என்ற கேள்வி உண்மையானது.

இதற்கு எதிர்ச்சான்றாக இந்தியானா பல்கலைக்கழகத்தைக் காட்டுவார்கள். 2023ல் மூன்றே வெற்றிகள். கர்ட் சிக்னெட்டி பொறுப்பேற்ற 2024ல் பதினோரு வெற்றிகளும், தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் ஆடும் வாய்ப்பும். ஒரே ஆண்டில் பண்பாடு மாறிவிட்டதே என்று தோன்றும். உற்றுப் பார்த்தால் வேறு கதை தெரியும். சிக்னெட்டி அலபாமாவில் நிக் சேபனிடம் துணைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு 2011ல் பென்சில்வேனியாவின் சிறிய இரண்டாம் நிலைக் கல்லூரி ஒன்றுக்குத் தலைமையேற்றார். பிறகு ஈலான், பிறகு ஜேம்ஸ் மேடிசன் என்று பதின்மூன்று ஆண்டுகள் பெரிய வெளிச்சமில்லாத இடங்களில் தம் முறையைச் செம்மைப்படுத்தினார். இந்தியானாவுக்கு வந்தபோது ஜேம்ஸ் மேடிசனிலிருந்து பதின்மூன்று வீரர்கள் அவரோடு வந்தார்கள். பழக்கம் ஓர் ஆண்டில் உருவாகவில்லை. வேறோர் இடத்தில் உருவானது ஆட்கள் வழியாக இடம்பெயர்ந்து வந்தது. புதிதாகச் சேர்ந்த மாணவன் எப்படி நடக்க வேண்டும் என்று பார்த்துக் கற்றுக்கொள்ள, முதல் நாளே அவன் பக்கத்தில் பதின்மூன்று பேர் இருந்தார்கள்.

எனக்குக் கவலை தருவது பணமோ இடமாற்றமோ அல்ல, அதிகம் பேசப்படாத இன்னொரு விதி. வருவாயில் பங்கு தரும் அந்த 2025 ஏற்பாட்டின்படி, அதில் சேரும் பல்கலைக்கழகங்களின் கால்பந்து அணியில் 105 பேருக்கு மேல் இருக்க முடியாது. முன்பு ஸ்காலர்ஷிப்புக்கு 85 என்ற வரம்பு இருந்ததே தவிர, அதற்கு மேல் வாக்-ஆன்களை எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்; பல அணிகளில் 120 பேருக்கு மேல் இருந்தார்கள். இப்போது ஏற்கெனவே இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்து, புதிதாக வருவோருக்கு அந்தக் கதவைச் சுருக்கிவிட்டார்கள். இன்று ஆண்டேலிலிருந்தோ ரைலியிலிருந்தோ ஒரு பையன் தன் செலவில் வந்து, ஸ்கவுட் டீமில் இரண்டு ஆண்டுகள் அடி வாங்கிக்கொண்டு வளர்கிறேன் என்றால், 105க்குள் அவனுக்கு ஓர் இடம் ஒதுக்கலாமா அல்லது உடனே பயன்படும் ஒருவரை எடுக்கலாமா என்று பயிற்சியாளர் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே ஒரு புதிய பயிற்சியாளர் பண்பாட்டைப் பற்றிப் பேசும்போது அதை நம்பலாமா என்று இனி யாராவது என்னிடம் கேட்டால், அந்த 105 இடங்களில் கடைசி இருபதை அவர் யாருக்குக் கொடுத்திருக்கிறார் என்று பார்க்கச் சொல்வேன்.